ஓடக்காரர் கோவிலும் உலகம் பாடும் கீதமும்

மார்கழித் திங்களிலே வைகறைத் துயிலெழுந்து, தெருத்தோறும் பாடிச் செல்லும் வழக்கம் நம் நாட்டார்க்குப் புதிதன்று. ஆலயங்களிற் பாவைப் பாட்டொலி எழும் அதே நாட்களிலே, கிறிஸ்தவக் கோவில்களிற் பிறப்புத் திருநாட் கீதங்கள் ஒலிக்கின்றன. அவற்றுள் ஒன்று, குழந்தையைத் தாலாட்டுவது போன்ற மெல்லிய மெட்டு அமைந்தது. ஜெர்மானிய மொழியில் 'ஸ்டில்லே நாக்ட்' என்றும், ஆங்கிலத்தில் 'சைலண்ட் நைட்' என்றும் அது வழங்குகின்றது. முந்நூறு மொழிகளுக்கு மேல் அது பெயர்க்கப்பட்டுள்ளது, தமிழிலும் பாடப்படுகின்றது. இத்துணைப் புகழ் வாய்ந்த பாட்டு எங்கே பிறந்தது? அரச சபையிலா, பேராலயத்திலா? அதனை இயற்றியோர் எக்குலத்தவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, பிறப்பையும் தொழிலையுங் கொண்டு மக்களை அளக்கும் வழக்கத்தைப் பற்றி நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய சில உண்மைகள் புலனாகின்றன. அவற்றை நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆஸ்திரிய தேசத்திலே, ஸால்ஸ்பர்க் நகரத்துக்கு வடக்கே, ஸால்ஸாக் என்னும் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ப் என்றோர் ஊர் உளது. ஆறு வளைந்து செல்லும் அவ்விடத்தில், எதிர்க்கரையிலே லௌபன் என்னும் பழைய நகரம் நிற்கின்றது. தெற்கே ஹாலைன் என்னும் ஊரை அடுத்த மலைச்சுரங்கத்து உப்பைப் படகுகளில் ஏற்றி, இவ்வாற்றின் வழியே பிறநாடுகளுக்குக் கொண்டு செல்வது பல நூற்றாண்டுகளாக நடைபெற்று வந்த வாணிபம். அவ்வாணிபத்தைத் தம் தோள்வலியால் நடத்தியவர் இவ்விரு கரையிலும் வாழ்ந்த ஓடக்காரர். தந்தையின் துடுப்பை மகன் ஏற்பதே அவர்தம் வாழ்க்கை. ஓடக்காரர்க்கும் மாலுமிகளுக்கும் காவலராகக் கருதப்படும் புனித நிக்கோலாஸ் பெயராலேயே ஓபர்ன்டார்ப் கோவிலும் அமைந்திருந்தது. குளிர்காலத்திலே படகோட்டம் நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அப்போது லௌபன் ஓடக்காரர் ஊரூராகச் சென்று நாடகமாடிப் பிழைத்தனர் என்பது வரலாறு. கையிற் றுடுப்பில்லாத காலத்திலே வாயிற் பாட்டைக் கொண்டு வயிறு வளர்த்தவர் அவர் என்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் அம்மக்களுக்குப் பெருந்துயர் கொணர்ந்தது. ஸால்ஸ்பர்க் நாட்டைப் பல நூற்றாண்டுகளாக ஆண்டுவந்த பேராயர், 1803-ஆம் ஆண்டில் அரசுரிமை இழந்தனர். நெப்போலியன் நடத்திய போர்களினூடே அந்நாடு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக் கொண்டேயிருந்தது. முடிவிலே, 1816-ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி, ஸால்ஸாக் ஆறே எல்லையாயிற்று. லௌபன் நகரம் பவேரிய அரசுக்கும், அந்நகரின் புறநகராயிருந்த ஓபர்ன்டார்ப் ஆஸ்திரிய அரசுக்கும் உரியவாயின. தாய்க்கோவில் அக்கரையில் அந்நிய நாட்டிலே நின்றுவிட, இக்கரையிலிருந்த ஓடக்காரர் புதியதொரு பங்காயினர். நேற்றுவரை ஓரூராயிருந்தது இன்று ஈரரசாயின், உறவினர் படுந்துயரம் எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இதன் மேலும், 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கீழ்த்திசைத் தீவாகிய சும்பாவாவிலே தம்போரா என்னும் எரிமலை வெடித்தெழுந்தது. அதன் சாம்பலும் புகையும் வானத்திற் பரந்து வெயிலை மறைத்தமையால், 1816-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் வேனிலே இல்லாத ஆண்டாயிற்று. பயிர்கள் அழிந்தன, அப்பத்தின் விலை ஏறிற்று. போரும் பிரிவும் பஞ்சமும் ஒருங்கே தாக்கிய பங்கு ஓபர்ன்டார்ப் பங்கு.

அந்நாட்டிலே பிறப்புத் திருநாளுக்கு முற்பட்ட நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காலத்தைத் திருவருகைக் காலம் என்பர். அது களிப்பின் காலமன்று; காத்திருத்தலின் காலம். குருக்கள் ஊதா நிற உடை தரிப்பர். விடியுமுன், இருளிலே பனியில் நடந்து சென்று, மெழுகுத்திரி வெளிச்சத்திற் கன்னிமரியாள் பெயரால் நிகழும் பூசையைக் காண்பது அம்மலைநாட்டார் வழக்கம். அத்திங்களின் வியாழக்கிழமை இரவுகளில் ஏழை மக்கள் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டிப் பாடுவர். வீட்டார் உணவளித்து அனுப்புவர். இங்ஙனம் இருளிலும் பசியிலும் காத்திருந்தார்க்கு, டிசம்பர் 24-ஆம் தேதி நள்ளிரவிற் கோவில் விளக்குகள் எல்லாம் ஒளிர, குடிலின் முன் நிற்பது எத்துணை ஆறுதல் தந்திருக்கும்!

இப்பங்குக்கு 1817-ஆம் ஆண்டிலே துணைக் குருவாக வந்தவர் ஜோசப் மோர் என்பவர். அவர் 1792-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி ஸால்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். தாய், காலுறை பின்னிப் பிழைத்த ஓர் ஏழை மாது; மணமாகாதவள். தந்தை ஒரு போர்வீரன். மகவு பிறக்குமுன் படையை விட்டோடியவன். குழந்தைக்கு ஞானத் தந்தையாகும் பொறுப்பை ஏற்றவரோ, மரணதண்டனை நிறைவேற்றுந் தொழிலுடைய ஒருவர்.

நேயர்காள்! இவ்விடத்திற் சற்றே நின்று நோக்குமின். ஜெர்மானிய நாடுகளிலே அந்நாளிற் சில தொழில்கள் மானமற்ற தொழில்கள் எனப் பெயர் பெற்றிருந்தன. தண்டனை நிறைவேற்றுவோன் அத்தொழிலினருட் கடையனாகக் கருதப்பட்டான். அவன் பிள்ளைகளைத் தொழிற் சங்கங்கள் சேர்த்துக் கொள்ளா. நன்மக்கள் அவன் குடியிற் பெண் கொள்ளார், கொடார். முறைகேடாகப் பிறந்த பிள்ளைகளுக்கும் அச்சங்கங்களின் கதவு அடைபட்டே கிடந்தது. தீண்டாமை என்னும் நோய் நம் நாட்டுக்கே உரியதென எண்ணுவார், மேல்நாட்டு வரலாற்றின் இப்பக்கத்தையும் படித்தல் வேண்டும். இருவகை இழிவுக்கும் இலக்காகிய இச்சிறுவனை, பேராலயத்துப் பாடகர் தலைவராயிருந்த ஹியர்ன்லே என்னும் குரு கண்டெடுத்தார். அவன் குரலினிமையையும் அறிவையும் கண்டு கல்வி புகட்டினார். முறைப்படி பிறவாதவர் குருப்பட்டம் பெறத் தனி அனுமதி வேண்டியிருந்தது. அதனையும் பெற்று, 1815-ஆம் ஆண்டில் மோர் குருவானார். முதலிற் பணியாற்றிய மரியாபார் என்னும் மலையூரிலே, 1816-ஆம் ஆண்டு, அவர் ஆறு பாக்கள் கொண்ட ஒரு பிறப்புத் திருநாட் பாட்டை எழுதி வைத்தார்.

அதற்கு மெட்டமைத்தவர் பிரான்ஸ் ஸேவர் க்ரூபர். இவர் 1787-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி ஹாக்பர்க் என்னும் சிற்றூரில் நெசவாளர் குடியிற் பிறந்தவர். தந்தையுடன் தறியில் அமர்ந்து நெய்தே இளமையைக் கழித்தார். உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இசை கற்பித்தார். 1807-ஆம் ஆண்டில் ஆர்ன்ஸ்டார்ப் என்னும் ஊரிற் பள்ளி ஆசிரியரானார். 1816-ஆம் ஆண்டு முதல், அருகிலிருந்த ஓபர்ன்டார்ப் கோவிலில் ஆர்கன் வாசிப்பவராகவும் பணியாற்றினார்.

1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி மோர் தம் பாட்டை க்ரூபரிடங் கொடுத்து, இரண்டு தனிக்குரலுக்கும் பாடகர் குழுவுக்கும், கிதார் என்னும் நரம்புக் கருவிக்கும் ஏற்ப மெட்டமைக்குமாறு வேண்டினார். அன்று மாலைக்குள் மெட்டு முடிந்தது. அன்றிரவே அது ஓடக்காரர் கோவிலில் அரங்கேறிற்று. மோர் மேற்குரல் பாடிக் கிதாரும் வாசித்தார். க்ரூபர் கீழ்க்குரல் பாடினார். கிதார் வீட்டிலும் குடிசாலையிலும் வாசிக்கப்படும் கருவியேயன்றிக் கோவிற் கருவி அன்று. ஆயினும், கேட்டோர் அனைவரும் அப்பாட்டை மெச்சினர் என்று க்ரூபரே பிற்காலத்திற் குறித்துள்ளார். குடிலின் முன் நின்ற உப்போடக்காரரே அதன் முதற் சுவைஞர். கோவில் ஆர்கனை எலிகள் கடித்துவிட்டமையாற் கிதார் கொள்ளப்பட்டது எனப் பலரும் கூறுவர். அது பிற்காலத்தார் கட்டிய கதை. க்ரூபரின் குறிப்பிலே எலியைப் பற்றிய பேச்சே இல்லை.

பாட்டு ஊரைவிட்டுப் புறப்பட்ட வரலாறும் சுவையுடையது. ஓபர்ன்டார்ப் ஆர்கனைச் செப்பனிட வந்த கார்ல் மௌராகர் என்னும் கைவினைஞர் அதனைத் தம் நாடாகிய டிரோலுக்குக் கொண்டு சென்றார். அந்நாட்டுக் கையுறை வணிகராகிய ஸ்ட்ராஸர் குடும்பத்தார், லைப்ஸிக் நகரச் சந்தைக்குப் போனவிடத்து, 1831-ஆம் ஆண்டளவில் அதனைப் பாடினர். ரைனர் என்னும் மற்றொரு பாடகர் குடும்பத்தார் 1839-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலும் பாடினர். இடையே டிரெஸ்டன் நகரிற் பாட்டு அச்சேறிற்று. ஆனால், டிரோல் நாட்டு நாடோடிப் பாட்டு என்றே அச்சிட்டனர். மோரின் பெயரும் இல்லை, க்ரூபரின் பெயரும் இல்லை! பாட்டின் புகழ் வளர வளர, இத்தகைய இன்னிசையை ஒரு மேதையே அமைத்திருத்தல் வேண்டும் என உலகம் எண்ணிற்று. ஹைடன் என்றார் சிலர். மோஸார்ட் என்றார் சிலர். பீத்தோவன் என்றாரும் உளர். நெசவாளன் மகனையும் காலுறை பின்னியவள் மகனையும் நினைத்துப் பார்த்தார் யார்?

1854-ஆம் ஆண்டிலே, பெர்லின் நகரிலிருந்த பிரஷ்ய அரசரின் இசைக்குழுவினர், இப்பாட்டின் மூலப்பிரதி கிடைக்குமா என ஸால்ஸ்பர்க் நகரத்துப் புனித பேதுரு மடத்துக்கு எழுதி வினவினர். மைக்கேல் ஹைடன் இயற்றியது என்பதே அவர்கள் கருத்து. அம்மடத்தில் க்ரூபரின் மகன் பாடகச் சிறுவனாயிருந்தமையால், செய்தி தந்தையை எட்டிற்று. அப்போது ஹாலைன் நகரில் வாழ்ந்த க்ரூபர், அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, நடந்தவற்றை நாளும் இடமும் பெயரும் குறித்து எழுதியனுப்பினார். தம் பெயரை மட்டுமோ எழுதினார்? பாட்டு மோருடையது, மெட்டே தம்முடையது எனத் தெளிவாக வரைந்தார். அவர் அதனை எழுதுகையில் மோர் உயிரோடில்லை. ஊர்ஊராக மாற்றப்பட்டுப் பணிபுரிந்து, வாக்ரைன் என்னும் மலையூரிலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமையப் பாடுபட்டு, 1848-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி வறியராகவே மறைந்தார். இறந்த நண்பனுக்கு உரியதை மறவாமற் கொடுத்த நெசவாளன் மகனின் நேர்மையை என்னென்பது! க்ரூபர் 1863-ஆம் ஆண்டிற் காலமானார்.

அதன் பின்னும் ஐயுற்றோர் பலர். 1995-ஆம் ஆண்டிலே மோர் தம் கைப்பட எழுதிய தாள் ஒன்று வெளிப்பட்டது. அது 1820-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டதென அறிஞர் கணித்தனர். பாட்டு 1816-ஆம் ஆண்டிலே தாம் எழுதியது, மெட்டு க்ரூபருடையது என அதிலே குறித்திருந்தார் மோர். நண்பர் இருவரும், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமலே, ஒருவர்க்கொருவர் சான்று கூறி வைத்திருந்தனர். வழக்கு அன்றோடு தீர்ந்தது.

பாட்டுப் பிறந்த கோவிலோ நிலைக்கவில்லை. ஆற்று வெள்ளத்தால் மீண்டும் மீண்டும் சேதமுற்றமையால், ஊரே மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. பழைய கோவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அவ்விடத்திலே நினைவுக்காகக் கட்டப்பெற்ற சிறு கோவில் 1937-ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பட்டது. மோருக்கு ஓவியம் ஏதும் இன்மையின், அவர் உருவைச் சிலையாக வடிக்கும் பொருட்டுக் கல்லறையினின்றும் எடுக்கப்பட்ட தலையோடு அச்சிறு கோவிற் சுவரிலே வைக்கப்பட்டுள்ளது. 1914-ஆம் ஆண்டு பிறப்புத் திருநாளிரவில், பிளாண்டர்ஸ் போர்க்களத்திலே ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் சில இடங்களிற் சுடுதலை நிறுத்தி, பதுங்கு குழிகளிலிருந்து பாடிய பாட்டுக்களுள் இதுவும் ஒன்று. 2011-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய தேசம் இதனைத் தன் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

இவ்வரலாற்றால் நாம் அறிவன இரண்டு. தந்தை பெயரற்ற ஒருவரும் தறியில் அமர்ந்த ஒருவரும் ஓடக்காரர்க்காகச் செய்த ஒன்றை, அரசரும் குடிகளும் ஒருங்கே பாடுகின்றனர். பிறப்பைக் கேட்டு அளப்பவன், அளவுகோலையே தவறாகக் கொண்டவன் ஆவான். இவ்வுண்மையை, நம்மினும் மேலோர் எனப்படுவார்க்கு எடுத்துக்காட்டுதல் நமக்கு எளிது. நம்மினுந் தாழ்ந்தோர் என நாமே நினைப்பார் திறத்தும் அதனைக் கைக்கொள்ளுதலே அரிது. அரியதைச் செய்தலன்றோ பெருமை? இரண்டாவது, எளியார் செய்த நற்செயல், எழுதி வைக்கப்படாதாயின், வலியார் பெயரிற் சென்று சேரும். க்ரூபரின் ஒரு கடிதமும் மோரின் ஒரு தாளும் இன்றேல், ஹைடன் பெயரே இன்றும் நின்றிருக்கும். ஆதலின், நம் பாட்டனார் வெட்டிய குளம், கட்டிய சாவடி, தொடங்கிய பள்ளி ஆகியவற்றை, ஆண்டும் பெயரும் குறித்து, உடனுழைத்த பிற குலத்தார் பெயரையும் விடாமல், இன்றே எழுதி வைப்போமாக. வரும் பிறப்புத் திருநாளிரவில் அயல் வீட்டினின்றும் அக்கீதம் கேட்குமாயின், அந்த ஓடக்காரரையும் நாம் நினைவு கூர்வோமாக.