தோட்டமும் ஆலையும்: மலாக்கா இரப்பர் கற்பித்த வணிக உறவு

விளைவிப்பவர் இல்லையேல் ஆலை இயங்காது. வாங்கும் ஆலை இல்லையேல் விளைச்சலுக்கு மதிப்பில்லை. ஆலைத் தொழிலின் வரலாறு என்பது பெரும்பாலும் இவ்விரு சாராரின் உறவு வரலாறே ஆகும். அவ்வுறவு நேர்மையாக அமைந்தபோது இரு சாராரும் வாழ்ந்தனர். ஒருவர் மற்றவரை நெருக்க முற்பட்டபோது இருவரும் இழந்தனர். இவ்வுண்மைக்கு மலாக்கா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களின் கதை தக்க சான்றாகும்.

தொடக்கம்

பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூரை வந்தடைந்தன. எனினும், இரப்பரை வணிகப் பயிராக நம்புவார் எவருமிலர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லியின் சொல்லை ஏற்றவர் மலாக்காச் சீன வணிகர் டான் சே யான். அவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நிலத்தில் இரப்பர் பயிரிட்டார். அடுத்து, புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்பில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவின் இரப்பர் வணிகத்திற்குக் கால்கோள் இட்ட மண் மலாக்கா மண்ணே.

மோட்டார் வண்டிகள் பெருகவே, டயர் ஆலைகளின் தேவையும் பெருகியது. 1910-இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கைக் கடந்து விற்றது. இவ்விலையைக் கண்டு பிரிட்டிஷ் கம்பெனிகள் காடுகளை அழித்துத் தோட்டங்கள் அமைத்தன. கங்காணிகள் வழியே தமிழகத்து மக்கள் கப்பலேறி வந்தனர். டயர் ஆலைகளோ வேறு வகையில் சிந்தித்தன. பிறரை நம்பியிருத்தல் தகாது என்று கருதிய டன்லப் நிறுவனம், 1910 அளவில் மலாயாவில் சொந்தத் தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 1916-இல் சுமத்திராவில் கால் பதித்தது.

ஸ்டீவன்சன் திட்டம்

முதல் உலகப் போருக்குப் பின் இரப்பர் தேங்கிற்று; விலை வீழ்ந்தது. அதனை நிமிர்த்த, பிரிட்டிஷ் அரசு 1922 நவம்பர் முதல் நாளில் ஸ்டீவன்சன் திட்டத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. விலை குறைந்தால் ஏற்றுமதி அளவைக் குறைப்பதும், விலை உயர்ந்தால் அளவைக் கூட்டுவதும் அதன் வழிமுறை. தோட்ட முதலாளிகள் மகிழ்ந்தனர். 1925-இல் ஓர் இறாத்தலின் விலை ஓர் அமெரிக்க வெள்ளியைத் தாண்டியது.

ஆனால், உலக இரப்பரின் பெரும்பகுதியை வாங்கி வந்தவர்கள் அமெரிக்க ஆலைக்காரர்கள். தங்களை நெருக்கி விலை பறிப்பதாக அவர்கள் சினந்தனர். அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹூவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். பழைய டயர்களின் இரப்பரை மீட்டு மீண்டும் பயன்படுத்தும் முறை பரவியது. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926-இல் லைபீரியாவில் 10 இலட்சம் ஏக்கர் வரை குத்தகை பெற்றது. ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் தோட்டம் அமைக்கலானார். திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் சிறுதோட்டக்காரர்கள் மேலும் மேலும் மரம் நட்டனர். வாங்குபவர் விலகிச் செல்ல, 1928-இல் திட்டமே கைவிடப்பட்டது.

அதன்பின் வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இரப்பர் விலை அடிமட்டத்தை எட்டியது. முடிவெடுத்தவர்கள் இலண்டனில் இருந்தனர். விளைவைச் சுமந்தவர்கள் லயன் வீடுகளில் இருந்தனர். மலாயாவின் முக்கியப் பகுதிகளில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசாக இருந்தது. 1930-இல் அது 40 காசாகக் குறைந்தது. பின்னர் மேலும் சரிந்தது. பல்லாயிரம் தமிழர் மீண்டும் தமிழகத்திற்கே அனுப்பப்பட்டனர். வணிக உறவு முறியும்போது முதலில் ஒடிவது கடைநிலைத் தொழிலாளியின் முதுகே என்பதை அவ்வாண்டுகள் காட்டின.

தரமே உறவு

1942-இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் அமெரிக்காவிற்கு இரப்பர் வரத்து அறுந்தது. அந்நாடு செயற்கை இரப்பர் ஆலைகளை விரைந்து நிறுவியது. போர் முடிந்த பின்னும் அவ்வாலைகள் மறையவில்லை. செயற்கை இரப்பர் ஒரே தரத்தில், குறிப்பிட்ட அளவுச் சான்றோடு வந்தது. இயற்கை இரப்பரோ, புகையிட்ட தாள்களை ஒளிக்கெதிரே பிடித்து, நிறமும் குமிழியும் பூஞ்சணமும் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கப்பட்டது. ஒரே தரப் பெயருடைய இரு சிப்பங்கள் ஆலையில் இருவேறாக நடந்துகொண்டன.

இக்குறையை நீக்கவே 1965-இல் தரப்படுத்தப்பட்ட மலேசிய இரப்பர்த் திட்டம் பிறந்தது. கண்ணின் மதிப்பீட்டிற்கு மாறாக ஆய்வுக்கூடத்தின் அளவீடு அரியணை ஏறியது. அழுக்கு, சாம்பல், நைட்ரஜன், ஆவியாகும் பொருள் ஆகியவற்றுக்கு வரம்புகள் வகுக்கப்பட்டன. பருமனான பழைய சிப்பங்களுக்கு ஈடாக, பாலித்தீன் சுற்றிய சிறு கட்டிகள் ஆலைகளுக்குச் சென்றன. இவ்வளவு விலை என்று மட்டும் பேசியவர், இவ்வளவு தூய்மை என்றும் உறுதி கூறலாயினர்.

அவ்வுறுதியின் வேர் வெளிக்காட்டில் இருந்தது. விடியுமுன் மரம் சீவிய தொழிலாளி மங்கைத் துடைத்து வைத்தாரா, பாலில் பட்டை விழாமல் காத்தாரா என்பதில்தான் அழுக்கின் அளவு அடங்கியிருந்தது. பால் ஸ்டோரில் நிறுத்த எடையும், பாலிலுள்ள உலர் இரப்பரின் அளவும் கூலியைத் தீர்மானித்தன. அங்கே அளவு நேர்மையாக இருந்தால் தொழிலாளி பாலைப் பேணுவார்; அங்கே ஏமாற்றப்பட்டால் பாலில் நீர் சேரும். ஆக, ஆலைக்கும் தோட்டத்திற்கும் உள்ள உறவு, கிராணிக்கும் மரம் சீவுபவருக்கும் உள்ள உறவிலேயே தொடங்கியது.

முடிவுரை

இன்று மலாக்காத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் குடியிருப்புகளுக்கும் இடம் தந்துவிட்டன. ஒரு காலத்தில் உலகிற்கு இரப்பரை வழங்கிய மலேசியா, தன் கையுறை ஆலைகளுக்காகத் தாய்லாந்திலிருந்து இரப்பர்ப் பால் வாங்குகிறது. விற்றவர் வாங்குபவராகிவிட்டார். ஆதலின் பழைய பாடம் புதிதாகவும் பொருந்தும். தட்டுப்பாட்டைக் கருவியாக்கிப் பெறும் இலாபம் வாங்குபவரை அயலிடம் தேடச் செய்யும். அளந்து காட்டக்கூடிய தரமும் நேரிய எடையும் அவரை மீண்டும் வரச்செய்யும். இப்பாடத்திற்கு விலை கொடுத்தவர்கள் மலாக்காத் தோட்டங்களில் உழைத்த தமிழர். அதனைக் கற்பது மாணவர் கடன். மறவாமல் கற்பிப்பது ஆசிரியர் கடன்.