தவ்கே பிரட்டல்: தண்ணீர் விடாமல் ஒரு நிமிடத்தில்

ஈப்போவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் யாவ் தெட் ஷின் சாலைக் கடைகளில் கோழியோடு தவ்கே சாப்பிடாமல் திரும்புவது அரிது. குட்டையாக, தடிப்பாக, கடித்தால் மொறுக்கென்று இருக்கும் தவ்கே அது. அதே தவ்கேயை பாசாரில் வாங்கி வந்து வீட்டில் பிரட்டினால் துவண்டு போகிறது, தட்டெல்லாம் தண்ணீர். செமோர் பக்கத்து வீடுகளிலும் இந்தக் குறை உண்டு. அதைச் சரிசெய்யத்தான் பலர் கிச்சாப்பைக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். அது இன்னொரு தொல்லை.

ஈப்போ தவ்கேக்குப் பெயர் வாங்கித் தந்த இடம் புந்தோங். தமிழர்கள் நிறைந்து வாழும் பகுதி. கச்சான் பூத்தேவுக்கும் அதுதான் தாய்வீடு. சுண்ணாம்பு மலைத் தண்ணீர்தான் சுவைக்குக் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். வளர்ப்பு முறைக்கும் பங்கு உண்டு. ஊறவைத்த பச்சைப்பயற்றை இருட்டில் நெருக்கமாக அடைத்து, நாளுக்குப் பலமுறை தண்ணீர் தெளிப்பார்கள். முளைகள் ஒன்றையொன்று நெருக்கும்போது எத்திலீன் என்ற வாயு சுரக்கிறது. அது நீளத்தைத் தடுத்துத் தடிப்பைக் கூட்டுகிறது. வீட்டில் முளைக்க வைப்பவர்கள் மேலே கனமான தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பது இதனால்தான் பலன் தருகிறது.

முளையில் பெரும்பகுதி தண்ணீர். சூடு குறைந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் சட்டியிலேயே தேங்கி, பிரட்டல் அவியலாகிவிடும். கடை அடுப்பின் தீ வீட்டு அடுப்பில் கிடைக்காது. ஆகவே ஒரே நேரத்தில் நிறையக் கொட்டக் கூடாது.

நான்கு பேருக்கு 300 கிராம் தவ்கே போதும். கழுவி, வடிகட்டி, துணியில் பரப்பி ஈரம் போக ஒற்ற வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நான்கு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு சிவப்பு மிளகாய், ஒரு பிடி குச்சாய் ஆகியவற்றை முன்னதாகவே நறுக்கி வைக்கவும். சட்டி சூடான பிறகு கத்தியைத் தேட நேரமிருக்காது. சிறு கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி கிச்சாப், ஒரு சிட்டிகை சீனி, வெள்ளை மிளகுத்தூள் கலந்து வைக்கவும்.

இரும்புச் சட்டி புகை கிளம்பும் அளவு காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பூண்டும் இஞ்சியும் மணக்கும்வரை வதக்கவும். பாதித் தவ்கேயைப் போட்டு அரை நிமிடம் பிரட்டி எடுத்து வைத்து, மீதியையும் அப்படியே பிரட்டவும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, குச்சாய், மிளகாய், கிச்சாப் கலவை போட்டு இரண்டு புரட்டு புரட்டி இறக்க வேண்டும். உப்பும் கிச்சாப்பும் முளையிலிருந்து தண்ணீரை இழுக்கும் என்பதால் அவை கடைசியில்தான். வாசனைக்குச் சீன நல்லெண்ணெய் சில சொட்டு போதும். அது எள்ளை நன்கு வறுத்துப் பிழிந்தது; நம் வீட்டு நல்லெண்ணெயில் அந்த மணம் வராது.

ஒரு மேசைக்கரண்டி சோயா கிச்சாப்பில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒருநாள் அளவே 2,000 மில்லிகிராமுக்குக் குறைவுதான். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் வீட்டில் இருந்தால் பாட்டிலைச் சாய்க்காமல் கரண்டியால் அளப்பது நல்லது.

சைவ நாளில் செய்பவர்கள் சிப்பி சோஸைத் தவிர்க்க வேண்டும். பெயருக்கேற்ப அது சிப்பியின் சாற்றில் செய்தது. காளானில் செய்த சோஸ் கடைகளில் கிடைக்கிறது. மற்ற நாட்களில் பொரித்த கருவாடு சிறிது சேர்த்தால் சோறு கூடுதலாக இறங்கும்.

பச்சைத் தவ்கே ஆபத்தானது. முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தவை. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையோடு தொடர்புபடுத்தப்பட்ட ஈ. கோலி தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் ஆகியோருக்குக் கொடுப்பதாக இருந்தால் மொறுமொறுப்பை மறந்து, ஆவி பறக்க முழுதாக வேகவிட வேண்டும். வாங்கிய தவ்கேயைக் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடவும். வழவழத்து நாற்றம் வந்ததை எந்தத் தீயிலும் காப்பாற்ற முடியாது.