மைசூர் ஜாவாவும் வீட்டுப் பட்டறையும்

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று பெங்களூரில் பழைய ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் ஒன்றுகூடுவதை அன்பர்கள் சிலராவது பார்த்திருப்பீர்கள். ஓட்டி வருபவர்களில் பாதிப் பேர் அந்த வண்டிகள் தயாரான காலத்தில் பிறந்தே இருக்க மாட்டார்கள். தயாரித்த கம்பெனியோ 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. தாய்க் கம்பெனி இல்லாத ஒரு வண்டி இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடுகிறது? அதற்கான விடை பெரும்பாலும் வீட்டு வாசல்களிலும் கார் ஷெட்டுகளிலும்தான் இருக்கிறது.

ஜாவாவின் பூர்வீகம் செக்கோஸ்லோவாகியா. ஆயுதத் தொழிற்சாலை வைத்திருந்த ஃப்ரான்டிஷெக் யானெச்செக் என்பவர் 1929-ல் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்துக்களையும் சேர்த்ததில் உண்டான பெயரே ‘ஜாவா’. காப்பித் தீவுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ரகசியமாக வடிவமைக்கப்பட்ட 250 சி.சி. வண்டி, யுத்தம் முடிந்து 1946-ல் ‘பெராக்’ என்ற பெயரில் வெளிவந்தது. நம் நாட்டு ஜாவா அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

பம்பாயில் ஜாவாவை இறக்குமதி செய்து விற்றுவந்த பார்ஸி குடும்பத்தைச் சேர்ந்த ருஸ்தம் இரானி, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியதும் இங்கேயே தயாரிக்க முன்வந்தார். மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையை 1961-ல் ஜெயசாமராஜ உடையார் திறந்து வைத்தார். செக் நாட்டு உரிமம் முடிந்த பிறகு, 1973 முதல் வண்டியின் பெயர் ‘யெஸ்டி’ என்று மாறியது. ஈரானின் யஸ்த் நகரத்தை ஒட்டிய பெயர் அது.

இனி எஞ்சின் விஷயத்துக்கு வருவோம். இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. பிஸ்டனே மேலும் கீழும் போய்வரும்போது சிலிண்டரின் துவாரங்களைத் திறந்து மூடுகிறது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் மசகு. ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு சைலன்ஸர். கியர் போடும் லீவரையே திருப்பி நிமிர்த்தினால் அதுதான் கிக்கர். கியர் மாற்றக் காலால் அழுத்தும்போது க்ளட்ச் தானாகவே விடுபடும். இவ்வளவு குறைந்த உறுப்புகளைக் கொண்டு இத்தனை சாதித்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் வியப்புதான். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவதையும், பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்ப்பதையும் சொந்தக்காரரே ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். அன்று கைக்கு அடங்கியிருந்த வண்டி என்பதால்தான் இன்று மீட்கவும் முடிகிறது.

எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு 100 சி.சி. வண்டிகள் வந்தன. ஹீரோ ஹோண்டா சி.டி.100, யமஹா ஆர்.எக்ஸ்.100 இரண்டும் 1985-ல் வந்தவை. பெட்ரோலை முகர்ந்து பார்த்தே ஓடும் வண்டிகளோடு 250 சி.சி. போட்டி போட முடியுமா? தொழிலாளர் தகராறு, கடன், கடுமையாகிவந்த புகை விதிகள் எல்லாம் சேர்ந்து 1996-ல் கதவை மூடின. நல்ல நிலையில் இருந்த வண்டிகள்கூட எடைக்குப் போயின. 2018-ல் வேறொரு நிறுவனம் ஜாவா என்ற பெயரை மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் அது நீரால் குளிர்விக்கப்படும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின். பழைய எஞ்சினுக்கு அதிலிருந்து எதுவும் பொருந்தாது.

வீட்டில் மீட்கும் வேலை கழற்றுவதில் தொடங்குகிறது. கழற்றும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, தனித்தனி டப்பாவில் சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். இறுகிப்போன பிஸ்டனுக்கு ப்ளக் துவாரம் வழியாக டீசலை ஊற்றி நாட்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். சுத்தியலை எடுத்தால் சிலிண்டர் போயிற்று. டாங்கின் உள்துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். துரு என்பது இரும்பு ஆக்ஸைடு. மெல்லிய அமிலத்தில் கரையும். பிறகு சமையல் சோடா நீரில் அலசி, உடனே உலர்த்தாவிட்டால் மறுநாளே துரு திரும்பிவிடும். பழைய டாங்கில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும் என்பதால் வெல்டிங் வேலையை வீட்டில் நினைத்தும் பார்க்கக் கூடாது. ரீபோர், க்ரோம் முலாம், கிராங்க் ஷாஃப்டைப் பிரித்துக் கனெக்டிங் ராடு மாற்றுவது ஆகியவையும் பட்டறைக்கே உரியவை. கிராங்க்கை பிரஸ்ஸில் அழுத்திக் கோர்த்திருப்பார்கள். சற்றே கோணினாலும் எஞ்சின் நடுங்கும்.

இங்கேதான் இரண்டு கட்சிகள் உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது ஒன்று. வண்டி என்னுடையது, என் ரசனைப்படி மாற்றுவேன் என்பது இன்னொன்று. 6 வோல்ட் விளக்கு மின்மினி போலத்தான் எரியும் என்பதால் பலர் 12 வோல்ட்டுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கும் மாறுகிறார்கள். பழைய டைனமோவைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நாளைக்கே திரும்ப மாட்டிவிடலாம். பின்புறச் சட்டத்தை அறுத்து, மட்கார்டை வெட்டி, சாரி கார்டைக் கழற்றி எறிந்து ‘கஃபே ரேஸர்’ ஆக்குவது வேறு சமாச்சாரம். அறுத்த சேஸிஸ் ஒட்டாது. (சாரி கார்டு வெறும் அலங்காரமல்ல, பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காமலிருக்க மோட்டார் வாகன விதிகளே கேட்கும் காப்பு அது.)

சட்டமும் முதல் கட்சியின் பக்கம்தான். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து பதிவு விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இல்லாமல் அசலாக இருக்கும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களோடு தனி எண் கிடைக்கும். ரூ.20,000 கட்டணம், பத்து ஆண்டு செல்லுபடி. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே ஓட்டலாம். தினமும் காய்கறி வாங்கப் போக முடியாது.

ஆகவே பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் அதில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று முதலில் பார்த்து, அவற்றைப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்களின் மேல் சாணைச் சக்கரமோ பட்டியோ படக்கூடாது. காலஞ்சென்ற அப்பாவின் பெயரிலேயே கிடக்கும் வண்டியானால் பெயர் மாற்றத்தை இப்போதே முடித்துக்கொள்வது நலம். 1961-ல் மைசூரிலிருந்து வெளிவந்த முதல் ஜாவாக்கள் 2011-லேயே 50-ஐத் தொட்டுவிட்டன. 1996-ன் கடைசி யெஸ்டிகளுக்கு அந்தத் தகுதி 2046-ல்தான் வரும். அதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும்.