மூச்சைக் கையில் பிடித்திருந்த மாணவர்கள்

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது எங்கட பல்கலைக்கழகங்களை மூடினார்கள். வேறு பல நாடுகளிலும் மருத்துவ மாணவர்களை வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். பிறகு, தொற்றுநோய் பற்றி இந்த மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்கும் ஆய்வுகள் கனக்க வந்தன. கிருமி எப்படிப் பரவும், முகக்கவசத்தை எப்படிக் கழற்றுவது என்ற மாதிரிக் கேள்விகள். ஆனால், தெரிந்திருப்பதும் தயாராக இருப்பதும் ஒன்றா? இதற்குப் பதில் தேடினால் நாங்கள் 1952ஆம் ஆண்டுக் கோப்பன்ஹேகனைப் பார்க்கவேண்டும்.

அந்தக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரில் போலியோ பரவியது. தடுப்பூசி பாவனைக்கு வர இன்னும் மூன்று வருடங்கள் இருந்தன. பிளெக்டம் வைத்தியசாலைக்கு ஒரு நாளில் 50 பேர் வரை வந்தார்கள். பலர் சிறுவர்கள். சிலருக்குக் கைகால்களோடு சுவாசத் தசைகளும் செயலிழந்தன. அவர்களுக்கென்று அங்கே இருந்தது ஒரேயொரு இரும்பு நுரையீரலும், நெஞ்சில் பொருத்தும் ஆறு கருவிகளும்தான். இவற்றால் சிகிச்சை பெற்ற முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள்.

தலைமை வைத்தியர் லாசன், மயக்கமருந்து நிபுணரான பியோர்ன் இப்சனை அழைத்தார். ஓகஸ்ட் 27ஆம் திகதி, மூச்சுவிட முடியாமல் கிடந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயோடு ஒரு இறப்பர் பையை இணைத்து, அதைக் கையால் அமுக்கிக் காற்றை நுரையீரலுக்குள் செலுத்தினார் இப்சன். சத்திரசிகிச்சைக் கூடத்தில் வழக்கமாகச் செய்யும் வேலைதான். சிறுமி பிழைத்துக்கொண்டாள்.

ஆனால், அந்தப் பையை யார் அமுக்கிக்கொண்டே இருப்பது? ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் 70 நோயாளர்களுக்கு இது தேவைப்பட்டது. அப்போதுதான் மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். சுமார் 1500 பேர் வந்தார்கள். முறைவைத்து, இரவும் பகலும், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பையை அமுக்கினார்கள். குழாய் இருந்ததால் நோயாளர்களுக்குப் பேச முடியாது. ஆனால் நினைவு இருந்தது. மாணவர்கள் அவர்களுக்குக் கதை வாசித்தார்கள். சிலர் தாங்கள் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இறந்துபோவதையும் பார்த்தார்கள். முன்பு பத்தில் எட்டுப்பேருக்கு மேல் இறந்த நிலை மாறி, இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அடுத்த வருடம் அதே நகரில் இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் ஆரம்பம் என்று சொல்கிறார்கள்.

இதை வெறும் தியாகக் கதையாகச் சொல்லி முடிப்பது சுலபம். அந்த மாணவர்களுக்கு இந்த முறையை எந்தப் பாடமும் முன்கூட்டிக் கற்றுத்தரவில்லை. வைத்தியசாலையே தயாராக இருக்கவில்லை. ஆனாலும் அவர்களால் உதவ முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது: செய்யவேண்டிய வேலை ஒன்றுதான், தெளிவானது, சொல்லித்தர ஆள் இருந்தார், முறை முடிந்தால் பொறுப்பெடுக்க இன்னொருவர் வந்தார்.

2020இல் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பியது முழுப்பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. பாதுகாப்பு உடைகளே போதாத நேரம் அது. ஆனால், அடுத்த தொற்று வரமுதல் மருத்துவ, தாதிய மாணவர்கள் தங்கட பீடங்களிடம் கேட்கவேண்டியவை உண்டு. எங்களுக்கு என்ன வேலை தருவீர்கள்? யார் பழக்குவார்கள்? எங்களுக்கு நோய் வந்தால் யார் பொறுப்பு? மாணவர்களிடம் கேள்விக்கொத்தை நீட்டுகிறவர்கள் முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லட்டும்.