ஒற்றை எக்ஸின் உழைப்பு

சென்ற வாரம் மரபியல் அறிஞர் மார்கனின் வெள்ளைக் கண் ஈயோடு நிறுத்தியிருந்தோம். மாதனூர் பழக்கடையில் தோல் கறுத்த வாழைத்தாரைத் தொட்டதும் குபீரென்று கிளம்புமே, அந்த வகையறாதான். டேனரிப் பக்கம் மொய்க்கும் பெரிய ஈ வேறு. இந்தக் குட்டிக்குப் பச்சைத் தோல் பொருட்டே இல்லை. பழம் புளித்து ஈஸ்ட் பொங்கினால் போதும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆணுக்கு வயிற்று நுனி கறுத்திருக்கும். முன்னங்காலில் சீப்பு செருகிய மாதிரி ஒரு முள்வரிசை.

மனிதரில் ஒய் குரோமோசோம் இருந்தால் ஆண். ஈயிலும் ஆணுக்கு எக்ஸ், ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். அங்கும் ஒய்தான் தீர்ப்பு சொல்கிறது என்று நினைக்கத் தோன்றும். மார்கனின் மாணவர் கால்வின் பிரிட்ஜஸ் 1916-இல் அந்த நினைப்பைக் கவிழ்த்துவிட்டார். இரண்டு எக்ஸோடு ஒரு ஒய்யும் ஒட்டிக்கொண்ட ஈ பெண்ணாகவே இருந்தது. ஒரே எக்ஸ் மட்டும் இருந்து ஒய்யே இல்லாதது ஆண், ஆனால் மலடு. ஆக, எக்ஸ் எத்தனை என்பதுதான் கணக்கு.

அப்படியானால் ஒன்றை வைத்திருக்கும் ஆணுக்கு எக்ஸின் சரக்கு பாதிதானே கிடைக்க வேண்டும்? கிடைப்பது ஏறக்குறைய முழுசு. எப்படி?

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறது கல்கத்தா. ஏ.எஸ்.முகர்ஜி, ஜெர்மானியர் பீர்மனோடு சேர்ந்து 1965-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் தடித்து, நுண்ணோக்கியில் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்குக் கதிரியக்க யுரிடினைக் கொடுத்தார்கள். ஆர்.என்.ஏ. உருவாகும் இடங்களிலெல்லாம் போட்டோ பூச்சில் கறுப்புப் புள்ளி விழும். எண்ணிப் பார்த்தால், ஆணின் ஒற்றை எக்ஸ் மேல் விழுந்தவை பெண்ணின் இரண்டு எக்ஸுக்கும் சேர்த்து விழுந்ததற்குக் கிட்டத்தட்டச் சமம்!

இந்த வேகத்துக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது, உடம்பிலிருந்தா, செல்லிலிருந்தா? முகர்ஜியும் அவருடைய மாணவர் எஸ்.சி.லக்கோட்டியாவும் 1969-இல் விடை சொன்னார்கள். இரட்டை எக்ஸ் செல்களும் ஒற்றை எக்ஸ் செல்களும் கலந்த புழுக்களை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருப்பது பெண் செல் என்பதை ஒற்றை எக்ஸ் செல் கண்டுகொள்ளவே இல்லை. அதன் எக்ஸ் முழுவேகத்தில் ஓடியது. ஒய் இல்லாத செல்கள் அவை என்பதையும் கவனியுங்கள். அந்த வேகத்துக்கும் ஒய் தேவைப்படவில்லை. எளிய கருவிகளில் இதைவிடச் சுத்தமான சோதனை அமைவது அபூர்வம் என்பேன்.

உத்தரவின் மூலம் பிற்பாடு தெரிந்தது: எஸ்.எக்ஸ்.எல். என்ற மரபணு. இரண்டு எக்ஸ் இருந்தால் அது விழித்துக்கொண்டு பெண்ணுக்கான வழியைத் திறக்கிறது; எக்ஸை விரட்டும் புரதம் உருவாகாமலும் தடுக்கிறது. ஒற்றை எக்ஸில் அது விழிப்பதில்லை, எக்ஸ் ஓட்டமெடுக்கிறது.

இரண்டு எக்ஸ் இருந்தும் ஆணாகத் திரிந்த ஈக்களை 1945-இல் விவரித்தவர் ஸ்டர்ட்டவண்ட். அவை அடுத்த வாரம்.