எட்டு மில் இடைவெளி

அச்சிட்ட சர்க்யூட் போர்டு அரித்து எடுக்கப்படும் பொருள். காப்புப் பலகையின் மேல் செம்புத் தகடு முழுவதுமாக ஒட்டப்பட்டிருக்கும். நிற்க வேண்டிய செம்பின் மேல் ஒரு பூச்சை ஏற்றி, பலகையை ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலில் இறக்கினால் பூச்சில்லாத இடமெல்லாம் கரைந்துபோகும். மிஞ்சும் செம்புக் கோடுகளே மின்சாரம் ஓடும் டிராக்குகள். கரைசல் அடிவரை இறங்குவதற்குள் பூச்சின் விளிம்புக்குக் கீழே பக்கவாட்டிலும் கொஞ்சம் தின்றுவிடும். வழக்கமான செம்புத் தகட்டின் தடிமன் 35 மைக்ரான். அந்த அளவிலேயே வரைந்த கோட்டைவிட வந்த கோடு மெலிந்திருக்கும், ஏற்கெனவே மெலிதாக வரைந்தது அறுந்தே போகும். இரண்டு கோடுகள் மிகவும் நெருங்கினாலோ நடுவே கரைசல் சரியாகப் புழங்காமல் செம்பு தங்கி இரண்டையும் ஒட்டவைத்துவிடும். குறைந்தபட்ச அகலம், குறைந்தபட்ச இடைவெளி என்ற இரண்டு விதிகளும் இந்தக் கரைசல் தொட்டியில் பிறந்தவை. இன்று கணினி சரிபார்க்கும் எத்தனையோ வடிவமைப்பு விதிகளில் இவையே மூத்தவை.

அரிப்பு முறை அச்சுத் தொழிலிலிருந்து வந்தது. வியன்னாவில் பிறந்த பொறியாளர் பால் ஐஸ்லர் 1936-இல் லண்டன் சென்றார். அச்சகங்களில் பிளாக் எடுக்க உலோகத்தை அரிக்கும் உத்தியை மின்சுற்றுக்குக் கொண்டுவந்து, 1943-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போருக்குப் பின், 1949 வாக்கில், அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர் பிரிவில் இருந்த டாங்கோ, ஆப்ரம்சன் இருவரும் உதிரிகளின் கால்களைத் துளைகளில் செருகி, பலகையின் அடிப்பக்கத்தை உருகிய ஈயத்தில் முக்கி எடுக்கும் முறையை உருவாக்கினார்கள். ஒரே முக்கில் எல்லாக் கால்களும் பற்றிக்கொண்டன. துளையைச் சுற்றிக் கால் பற்றவைக்கப்படும் செம்பு வட்டத்துக்குப் பேட் என்று பெயர். நெருங்கியிருக்கும் இரண்டு பேட்களுக்கு நடுவே ஈயம் பாலம் கட்டும் தொல்லையும் கூடவே வந்தது.

1960, 70-களில் போர்டு வரைவது கத்தியும் டேப்பும் கொண்ட கைவேலை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் மைலார் தாளை விரித்து, பேட்களுக்கு வட்டமான ஒட்டுவில்லைகளையும் டிராக்குகளுக்குக் கறுப்பு கிரேப் டேப்பையும் ஒட்டினார்கள். படம் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ பெரிதாக இருக்கும். பிறகு கேமராவில் சுருக்கிப் படமெடுக்கும்போது கையின் பிழையும் அதே விகிதத்தில் சுருங்கியது. வளைவில் இழுத்து ஒட்டிய டேப் நாளடைவில் நகர்ந்து பக்கத்து டிராக்கைத் தொட்டுவிடும். அதனால் படம் கேமராவுக்குப் போகும் முன் வேறொருவர் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு கையில் சுற்றின் வரைபடம், மறு கையில் வண்ணப் பென்சில். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொடர்ந்துபோய், சரியாக இருந்தால் வரைபடத்தில் அதன் மேல் கோடிழுப்பார். சந்தேகம் வரும் இடத்தில் லென்ஸ் வைப்பார். விதிச் சரிபார்ப்பின் முதல் வடிவம் இதுதான். எழுதிய விதிகள் குறைவு. எது தேறும், எது தேறாது என்பது பல நூறு போர்டுகளைப் பார்த்த கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தக் கண்ணை எண்ணாக மாற்றியதில், ஒரு சுற்றையே ஒரு சில்லில் அடக்கும் ஐ.சி.யின் பங்கு பெரிது. 1964-இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் கொண்டுவந்த இருவரிசைக் கால் ஐ.சி.யில் கால்களுக்கு இடையே அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொழிலில் ‘மில்’ என்பார்கள். ஆக அது 100 மில். பேட்டின் அகலம் 60 மில் என்றால், இரண்டு பேட்களுக்கு நடுவே மிஞ்சுவது 40. அதில் ஒரே ஒரு டிராக்கை விடுவதானால் டிராக் 12, இருபுறமும் 14, 14 என்று தாராளமாகப் பிரிக்கலாம். இரண்டு டிராக் வேண்டுமென்றால் மூன்று இடைவெளி, இரண்டு டிராக், எல்லாம் எட்டு எட்டு மில். மூன்றாவதையும் நுழைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு மில்கூடத் தேறாது. கால்களுக்கு நடுவே எத்தனை டிராக் விடலாம் என்பதே ஒரு தொழிற்சாலையின் திறமைக்கு அடையாளமானது. எட்டு மில்லை நம்பி எடுத்துத் தரும் தொழிற்சாலையும் 12-க்குக் கீழே கையெடுத்துக் கும்பிடும் தொழிற்சாலையும் ஒரே படத்தைப் பார்த்து வேறு வேறு பதில் சொல்லும்.

டிரில் இன்னொரு விதியைக் கொண்டுவந்தது. 60 மில் பேட்டின் நடுவே 36 மில் துளை போட்டால் சுற்றிலும் 12 மில் செம்பு வளையம் நிற்க வேண்டும். பலகைகளை அடுக்கி ஒன்றாகத் துளையிடும்போது அலகு வளையும். ஃபிலிம் ஈரக்காற்றில் நீளும், உலர்ந்தால் சுருங்கும். துளை 5 மில் விலகினால் வளையம் ஒரு பக்கம் 17, மறுபக்கம் 7. விலகல் 12 மில்லைத் தாண்டினால் துளை பேட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். 1957-இல் ஆறு போர்டு உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய ஐ.பி.சி. அமைப்பு இத்தகைய அளவுகளைப் பொதுத் தரங்களாக்கியது. போர்டு எதற்குப் பயன்படும் என்பதைப் பொறுத்து மூன்று வகுப்புகள். எவ்வளவு சுலபமாகச் செய்யலாம் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி என்று மூன்று நிலைகள். பின்னது கூர்மையான யோசனை. தடை செய்யாமல், இந்த அளவுக்குப் போனால் செலவும் கழிவும் கூடும் என்று வரைபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

டேப்பை ஓரங்கட்டியது ஒளியால் வரையும் இயந்திரம். நாஜிகளிடமிருந்து தப்பி 1940-இல் அமெரிக்கா போன ஜோசப் கெர்பரின் நிறுவனம் செய்த ஃபோட்டோ பிளாட்டரில் ஒரு சக்கரம் இருந்தது. அதில் வெவ்வேறு அளவில் 24 திறப்புகள். கோப்பில் இருப்பதெல்லாம் எந்தத் திறப்பு, எங்கிருந்து எங்கே என்பதுதான். அந்தத் திறப்பின் அளவு என்ன என்பது தனித்தாளில் வரும். அந்தத் தாளைத் தவறாகப் படித்தால் 12 மில் டிராக்குகள் எல்லாம் 50 மில்லாகி ஒன்றோடொன்று கலந்துவிடும். அளவுகளைக் கோப்புக்குள்ளேயே வைக்கும் விரிவாக்கப்பட்ட கெர்பர் வடிவம் 1990-களில்தான் வந்தது.

படம் எண்களாகிவிட்டதால் கணினியே இடைவெளிகளை அளக்கலாம் என்பது அடுத்த படி. அது அத்தனை எளிதாக இல்லை. பத்தாயிரம் உருவங்கள் உள்ள படத்தில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐந்து கோடி ஜோடிகள். ஒரு கற்பனைக் கோட்டைப் படத்தின் குறுக்கே நகர்த்திக்கொண்டே போய், அந்த நேரத்தில் அதைத் தொடும் உருவங்களை மட்டும் ஒப்பிடும் வழிகள் 1970-களில் வளர்ந்தன. பென்ட்லி, ஆட்மன் இருவரும் 1979-இல் வெளியிட்ட கணிமுறை அவற்றில் பெயர்பெற்றது. இதில் சிலிக்கான் சில்லுக்காரர்களே முன்னோடிகள். கார்வர் மீட், லின் கான்வே எழுதி 1980-இல் வந்த பாடநூல், சில்லு வரைவின் அளவுகளை எல்லாம் லாம்டா என்ற ஒரே அலகின் மடங்குகளாகச் சொன்னது. தொழிற்சாலையின் உள்விவகாரம் தெரியாத மாணவரும் விதிகளைக் கைக்கொண்டு சில்லு வரைய முடிந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட் குழு 1980-களின் தொடக்கத்தில் எழுதிய மேஜிக் மென்பொருள், வரையும்போதே பின்னணியில் சரிபார்த்துப் பிழையான இடத்தைத் திரையில் காட்டியது. வேலை முடிந்தபின் தனியாகச் சோதனையை ஓட்டி, பிழைப் பட்டியலுக்குக் காத்திருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

போர்டு உலகுக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தவை தனிக்கணினிகள். 1985-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் தொடங்கிய புரோடெல், 1988-இல் ஜெர்மனியில் வந்த ஈகிள், 1992-இல் பிரான்சில் ழான்-பியேர் ஷரா தொடங்கிய இலவச மென்பொருளான கீகேட் என்று வரிசை நீளும்.

விதிகளில் தேறிய போர்டு தொழிற்சாலையில் தடுமாறுவது அப்போதும் நிற்கவில்லை. மென்பொருளுக்கு அகலமும் இடைவெளியும் தெரியும். கரைசலும் அடுப்பும் தெரியாது. இரண்டு பேட்களுக்கு நடுவே, ஈயம் ஒட்டாமல் தடுக்கும் பச்சைப் பூச்சு நூலிழை போல நின்றால், அது உரிந்து வேறெங்கோ ஒட்டிக்கொள்ளும். பெரிய செம்புப் பரப்போடு நேரடியாக இணைந்த பேட் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் ஈயம் சரியாகப் பிடிக்காது. அதனால் பேட்டைச் சுற்றி வெட்டுவிட்டு நான்கு மெல்லிய கைகளால் இணைப்பார்கள். அந்தக் கைகளில் இரண்டைப் பக்கத்துத் துளைகள் விழுங்கிவிட்டால் இடைவெளி விதி எதுவும் மீறப்பட்டிராது, மின்சாரம் போகும் வழி மட்டும் பாதியாகியிருக்கும். இவற்றையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் தொழிற்சாலையில் கோப்புகளைத் தயார்செய்பவர்கள். பேட்டின் மேல் விழுந்த எழுத்தை வெட்டுவார்கள், டிராக் பேட்டில் சேரும் இடத்தைக் கண்ணீர்த்துளி போலத் தடிப்பாக்குவார்கள். பெரும்பாலும் வரைந்தவரிடம் சொல்வதில்லை. அது உதவிதான், அதே பிழை அடுத்த போர்டிலும் திரும்பி வந்ததற்கும் அந்த மௌனம் ஒரு காரணம்.

இஸ்ரேலின் வேலர் நிறுவனம் 1990-களில் இந்தச் சோதனைகளை மென்பொருளாக்கியது. அதன் ஓ.டி.பி. பிளஸ் பிளஸ் வடிவம் செம்பு, துளை, பூச்சு, இணைப்பு விவரம் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் சேர்த்து அனுப்ப வழிசெய்தது. இப்போது பல தொழிற்சாலைகள் தங்கள் அளவுகளை விதிக் கோப்பாகவே தருகின்றன. வரைபவர் முதல் நாளே அதை ஏற்றிக்கொள்கிறார். செம்பின் தடிமன் 35-லிருந்து 70 மைக்ரானானால் பக்கவாட்டு அரிப்பும் கூடும், பழைய கோப்பின் இடைவெளி போதாது.

சில பிழைகளை வரைபவரே வேண்டுமென்று வைக்கிறார். அனலாக், டிஜிட்டல் பகுதிகளின் இரண்டு கிரவுண்டுகளையும் ஒரே ஒரு புள்ளியில் சேர்ப்பது வழக்கம். மென்பொருளுக்கு அது இரண்டு வெவ்வேறு இணைப்புகள் ஷார்ட் ஆன இடம். ஒவ்வொரு ஓட்டத்திலும் சிவப்புக் குறி போடும். இத்தகைய சேர்ப்புக்கென்றே பின்னாளில் தனி உருப்படியை மென்பொருள்கள் சேர்த்தன. அது இல்லாத காலத்தில், தெரிந்த பிழைகளை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு மேலே போனார்கள். நாற்பது விலக்குகள் கொண்ட பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக ஒரு நிஜமான ஷார்ட் வந்து உட்கார்ந்தால் அது யார் கண்ணிலும் படாது. அதனால் பல அலுவலகங்களில் விலக்குப் பட்டியலை மட்டும் காகிதத்தில் அச்செடுத்து, வரையாத ஒருவர் கையில் பென்சிலோடு கொடுக்கிறார்கள்.