நிறமுள்ள அயல்நாட்டு மாலுமிகள் ஆணை (பிரித்தானியா, 1925)

நிறமுள்ள அயல்நாட்டு மாலுமிகள் ஆணை என்பது பிரித்தானியத் துறைமுகங்களில் பிழைத்துவந்த ஆப்பிரிக்க, அரபு, ஆசிய, மேற்கிந்தியத் தீவு மாலுமிகளைக் குறிவைத்த அரசாணை. வில்லியம் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் உள்துறை அமைச்சராக இருந்தபோது, 1920ஆம் ஆண்டு அயலார் ஆணையின்கீழ் பிறப்பிக்கப்பட்டது. பெயரில் ‘அயல்நாட்டார்’ என்றிருந்தாலும், பிரித்தானியப் பேரரசின் குடிகளே இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

பின்னணி

முதல் உலகப் போரின்போது கப்பல்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதால் குடியேற்ற நாடுகளின் மாலுமிகள் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். போர் முடிந்து வேலை சுருங்கியதும் அவர்கள்மேல் வெறுப்பு திரும்பியது. 1919இல் கிளாஸ்கோ, லிவர்பூல், கார்டிஃப் முதலிய துறைமுக நகரங்களில் இனக்கலவரங்கள் மூண்டன. லிவர்பூலில் கும்பல் துரத்தியதில் சார்லஸ் வூட்டன் என்ற கருப்பின மாலுமி கப்பல்துறை நீரில் மூழ்கி இறந்தார்.

நடைமுறை

கரையிறங்கும் மாலுமி தாம் பிரித்தானியக் குடி என்பதை ஆவணம் காட்டி மெய்ப்பிக்க வேண்டும். இல்லையேல் காவல்துறையிடம் அயலாராகப் பதிய வேண்டும். கப்பல் வேலைக்குப் பாஸ்போர்ட் தேவைப்படாததால் பலரிடம் அது இல்லை. முந்தைய கப்பல்களில் பார்த்த வேலையைக் குறிக்கும் பணிச்சான்றுப் புத்தகம் போதிய சான்றாக ஏற்கப்படவில்லை. கார்டிஃபில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களும் அயலாராகப் பதியப்பட்டனர். பதிவுச் சான்றிதழில் புகைப்படத்தோடு பெருவிரல் ரேகையும் இடம்பெற்றது.

வேலையில் விளைவுகள்

இந்தியத் துறைமுகங்களில் தனி ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட லஸ்கர் மாலுமிகளுக்கு வெள்ளை மாலுமிகளைவிட மிகக் குறைந்த சம்பளமே கிடைத்தது. பிரித்தானியத் துறைமுகங்களில் தங்கி வேலை தேடியவர்களுக்கோ வேலை கிடைப்பதே அரிதானது. 1930இல் சவுத் ஷீல்ட்ஸில் அரபு மாலுமிகளுக்கெனத் தனிச் சுழற்சிப் பட்டியல் கொண்டுவரப்பட்டபோது போராட்டம் மோதலில் முடிந்தது. ஏமன் மாலுமிகள் சிலர் நாடு கடத்தப்பட்டனர். கப்பல் நிறுவனங்களுக்கு மானியம் வழங்கிய 1935ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய மாலுமிகளுக்கு முன்னுரிமை தந்தது. ஏற்கெனவே அயலாராகப் பதியப்பட்டிருந்தவர்கள் இதனால் வேலைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

எதிர்ப்பும் நீக்கமும்

1931இல் மருத்துவர் ஹாரல்ட் மூடி தொடங்கிய நிறமுள்ள மக்கள் கழகம் கார்டிஃப் மாலுமிகளுக்காகக் குரல் கொடுத்தது. பார்படாஸைச் சேர்ந்த கிறிஸ் பிரெய்த்வெய்ட் 1935இல் உருவான குடியேற்ற நாட்டு மாலுமிகள் சங்கத்தை வழிநடத்தினார். ஆணை 1942இல் நீக்கப்பட்டது. எனினும் வேலை வழங்குவதில் இனப் பாகுபாடு காட்டுவது பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தடைசெய்யப்பட்டது.